கூறும் கூறெடுப்பும்: முத்துக்குளித்துறையிலிருந்து புள்ளியியல் ஆய்வை நோக்கி

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் துறையும் தமிழ்த்துறையும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆய்வில் அவை சந்திப்பதில்லை. புள்ளியியலில் முதுகலை ஆய்வேடும் முனைவர் பட்ட ஆய்வேடும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தமிழ்த்துறை ஆய்வேடுகள் தமிழில் எழுதப்படுகின்றன. மேல்நிலைப் பள்ளியில் புள்ளியியலைத் தமிழ்வழியில் பயின்ற மாணவர் பட்டமேற்படிப்புக்கு வந்ததும் அக்கலைச்சொற்களை மறந்துவிடுவதே தேர்ச்சிக்கு வழி என்று உணர்கிறார். இந்தப் பிரிவு இயல்பானது, மொழியுணர்வைத் தவிர இதில் வேறு சிக்கல் இல்லை என்பது பொதுவான எண்ணம். தூத்துக்குடிக் கடற்கரையைச் சான்றாகக் கொண்டு நோக்கினால், இப்பிரிவு புள்ளியியல் ஆய்வின் துல்லியத்தையே பாதிக்கிறது என்பது என் கருத்து. தமிழாய்வுக்கும் இதனால் இழப்பு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

தூத்துக்குடியைத் தேர்ந்துகொள்ளக் காரணம் உண்டு. புள்ளியியல் என்ற பெயர் இங்கு வழங்குமுன்பே கூறெடுத்து மதிப்பிடும் தொழில் இக்கரையில் நடைமுறையில் இருந்தது. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன்னர்ச் சிப்பிப் பார்களைப் பார்வையிடுவர். பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, எண்ணி, அழுகவிட்டு, கழுவி, முத்துகளைப் பிரிப்பர். அம்முத்துகளை வெவ்வேறு துளை அளவுள்ள பித்தளைச் சல்லடைகளில் அடுத்தடுத்து இட்டுப் பருமன்வாரியாகத் தரம் பிரிப்பர். வணிகர்கள் அவற்றை மதிப்பிட, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்ற விகிதம் கிடைக்கும். அந்த விகிதத்தைக் கண்டே அவ்வாண்டு குளிப்பு நடத்தலாமா என்று அரசு முடிவு செய்தது. அதனை அறிந்தே வணிகர்கள் ஏலத்திற்கு வந்தனர். எட்கர் தர்ஸ்டன் 1890இல் வெளியிட்ட குறிப்புகளிலும், இலங்கைப் பகுதிக்காக ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட அறிக்கைத் தொகுதிகளிலும், சென்னை மாகாணக் கரைக்காக ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் அளித்த அறிக்கையிலும் இத்தொழிலின் விவரங்களைக் காணலாம்.

இந்நடைமுறை புள்ளியியலாருக்கு எழுப்பும் வினாக்கள் பல. முதல் வினா பரவல் பற்றியது. முத்தின் விலை அதன் எடையோடு நேர்விகிதத்தில் உயர்வதில்லை. ஏறத்தாழ எடையின் வர்க்கத்தோடு உயர்கிறது. எடையை அதனாலேயே பெருக்கி எண்ணிக்கையால் வகுக்கும் கணக்கு முத்து வணிகரிடையே வழங்கியதும் இதனாலேயே. அக்கணக்கின்படி ஒரே மொத்த எடையுள்ள இரு குவியல்களில் எண்ணிக்கை குறைந்த குவியலே விலை மிகுந்தது. ஆகவே சில ஆயிரம் சிப்பிகளில் ஒரு பெருமுத்து கிடைத்துவிட்டால் சராசரி தாவி உயரும்; கிடைக்காவிட்டால் தாழும். இத்தகைய வலச்சாய்வுள்ள பரவலில் சராசரியை நம்பி ஏலம் கேட்பது எத்தகைய துணிவு என்பதை முதுகலை மாணவர் ஒருவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பாடநூல்களோ பகடையையும் சீட்டுக்கட்டையும் விட்டு நகர்வதில்லை.

இரண்டாம் வினா கூறு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது. பார் என்பது ஒருசீரான தளமன்று. ஒரு பகுதியில் சிப்பி செறிந்தும் மற்றொரு பகுதியில் சிதறியும் இருக்கும். மூழ்குபவர் தாம் அறிந்த இடத்தில் மூழ்குவார். அவருக்குச் சிப்பி கிடைக்கும் இடமே நல்ல இடம். அவர் எடுத்துவந்த கூறு பாரின் கூறன்று, அவருடைய அனுபவத்தின் கூறு. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள பார்களுள் ஒன்று தொள்ளாயிரம் என்ற எண்ணின் பேச்சுவடிவத்தையே பெயராகக் கொண்டு தோலாயிரம் பார் என வழங்குவது இங்கு நினைவுக்கு வருகிறது. பார்ப்பெயர்களைத் தொகுத்து ஆராய்வது தமிழ்த்துறையின் வேலை. அப்பெயர்களுக்குரிய எல்லைகளை வைத்து அடுக்குகளாகப் பிரிப்பது புள்ளியியல் துறையின் வேலை. கடலோடிகள் பெயரிட்டுப் பிரித்த பார்களே அடுக்குமுறைக் கூறெடுப்புக்குரிய அடுக்குகளாகப் பயன்படக்கூடியவை என்பதை இரு துறையினரும் கூடி அமர்ந்தால்தான் காண முடியும்.

மூன்றாவதாகக் குறிக்கத்தக்கது கொட்டில் நிகழ்ந்த பங்கீடு. கரைக்கு வந்த சிப்பிகளைக் கொட்டு எனப்படும் அடைப்பிற்குள் கொண்டுவந்து மூழ்குபவர்களே மூன்று குவியல்களாகப் பிரிப்பர். அவற்றுள் அரசுக்குரிய இரண்டைக் கொட்டு அலுவலர் சுட்டிக்காட்டுவார். எஞ்சிய ஒன்று மூழ்கியவர்களுடையது. 1906இல் இலங்கைக் கரையில் இப்பணியில் இருந்த லெனார்டு வுல்ஃப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை விவரித்துள்ளார். பிரிப்பவர் ஒருவர், தேர்பவர் மற்றொருவர் என்ற இவ்வமைப்பில் பிரிப்பவருக்கு எந்தக் குவியல் தமக்கு வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆதலின் மூன்றையும் நிகராக்குவதே அவருக்கு நலம். தேர்வின் அறியாமையைக் கொண்டு சார்பை நீக்கும் இக்கொள்கையே, செம்மையுற்ற வடிவில், இன்றைய ஆய்வுச் செய்முறைகளில் சமவாய்ப்பு ஒதுக்கீடாக வழங்குகிறது. மீன்விற்கும் இடங்களில் இன்றும் கூறுகட்டி விற்கின்றனர். குவியலுக்குப் பெயர் கூறு. நம் பாடநூல்கள் மாதிரியெடுத்தலைக் கூறெடுத்தல் என்று பெயர்த்தபோது அறிந்தோ அறியாமலோ கடைத்தெருச் சொல் ஒன்றைக் கலைச்சொல்லாக்கின. அது நல்ல தேர்வு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய செய்திகளைக் கண்டவுடன் புள்ளியியல் நம்மிடம் முன்பே இருந்தது என்று முழங்குவது தமிழாய்வில் புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பூசணிக்காயைப் பிளக்காமல் அதன் கீற்றுகளை எண்ணி விதைகளின் எண்ணிக்கையைக் கூறும் செய்யுள் உண்டு. நளவெண்பாவில் இருதுபன்னன் தான்றிமரத்தின் காய்களை இத்தனை என்று சொல்ல, நளன் எண்ணிப்பார்த்துச் சரிகாணும் பகுதி உண்டு. இக்கதையின் வடமொழி மூலத்தை இயன் ஹாக்கிங் 1975இல் வெளிவந்த நிகழ்தகவு வரலாற்று நூலில் எடுத்துக்காட்டிச் சூதாட்டத் திறனும் மதிப்பிடும் திறனும் ஒருங்கே பேசப்படுவதைக் கவனித்துள்ளார். ஆயினும் இவ்விரண்டிலும் மதிப்பீடு உண்டு, பிழையளவு இல்லை. கணக்கதிகாரச் சூத்திரம் எத்தனை காய்களில் பொய்க்கும், எவ்வளவு விலகும் என்று கேட்பதில்லை. இருதுபன்னன் சொன்ன எண் மிகச்சரியாக அமைந்துவிடுவதே அவனுடைய சிறப்பு. மதிப்பீடு தவறக்கூடும், அத்தவறின் அளவையும் கூற முடியும் என்ற எண்ணமே புள்ளியியலின் தொடக்கம். அந்த எண்ணத்தை நாம் கடனாகப் பெற்றோம். அதில் இழிவு ஏதுமில்லை. பெற்றதை நம் கரையில் செலவிடாமலிருப்பதே குறை.

பிழையை எண்ணாத மதிப்பீடு எங்குக் கொண்டுவிடும் என்பதற்கும் இவ்வளைகுடாவே சான்று. இலங்கைக் கரையில் 1891க்குப் பின் 1903 வரை முத்துக்குளிப்பே நிகழவில்லை. 1903இல் தொடங்கிச் சில ஆண்டுகள் பெருவிளைவு கிடைத்தது. 1905ஆம் ஆண்டின் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்விளைவின் உற்சாகத்தில் இலண்டனில் ஒரு குழுமம் உருவாயிற்று. 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்ற குத்தகைக்கு அது பார்களைப் பெற்றது. அறிவியல் அறிவுரையும் அதற்குக் கிடைத்தது. 1907க்குப் பின் பார்கள் வறண்டன. 1912இல் குழுமம் கலைக்கப்பட்டது. அண்மைச் சில ஆண்டுகளின் தொடரை 20 ஆண்டுகளுக்கு நீட்டியது அடிப்படைத் தவறு. நீண்ட வறட்சிகள் இப்பார்களின் இயல்பு என்பதற்கு அரசு ஆவணங்களே சான்றாக இருந்தன. 1891க்குப் பிந்திய இடைவெளியோ கண்முன் நிகழ்ந்தது. காலத்தொடர் ஆய்வு பயிலும் மாணவர்க்கு இலண்டன் பங்குச்சந்தையின் எண்களைவிட இந்த எண்கள் நெருக்கமானவை அல்லவா?

நம் பக்கத்தில் முத்துக்குளிப்பு இறுதியாக 1955 முதல் 1961 வரை நடைபெற்றது. அதன்பின் இல்லை. இத்தகைய தொடரைக் கையாளும் ஆய்வாளர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, குளிப்பு நிகழாத ஆண்டில் சுழியம் இடுவதா, வெற்றிடமாக விடுவதா என்பது. குளிப்பு இல்லை என்பது சிப்பி இல்லை என்பதற்கு நிகரன்று. சிப்பி இருந்தும் இளமையாக இருந்திருக்கலாம். கூறின் மதிப்பு குறைந்திருக்கலாம். அரசு வேறு காரணத்தால் அறிவிக்காமல் இருந்திருக்கலாம். சுழியம் ஒரு செய்தி, வெற்றிடம் மற்றொரு செய்தி. இவ்விரண்டையும் பிரித்தறிய ஆவணங்களைப் படிக்க வேண்டும். ஆவணங்களோடு கரையோர நினைவுகளையும் கேட்க வேண்டும். அட்டவணையை மட்டும் பெற்று மென்பொருளில் இடுவோர்க்கு அப்பிரிவு புலப்படாது.

சங்கிலும் இதே நிலைதான். 57 மில்லிமீட்டர் குறுக்களவுக்குக் குறைந்த சங்குகளை எடுக்கலாகாது என்பது நெடுங்கால விதி. வளையத்தில் இட்டுப் பார்த்துச் சிறியவற்றை மீண்டும் கடலில் விடுவர். ஆதலின் கிடங்கில் அளக்கப்பட்ட சங்குகளின் சராசரி கடலிலுள்ள சங்குகளின் சராசரி ஆகாது. அது ஒருபுறம் வெட்டப்பட்ட பரவல். இதனைக் கணக்கில் கொள்ளாது வளர்ச்சிவீதம் கணிப்பது பிழை. சங்குகுளிப்போர் இதனைச் சொல்வார்கள், கேட்டால்.

கேட்பது என்ற செயலே என் வாதத்தின் நடுவிடம். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது. அதன் ஆய்வு மையம் ஒன்று தூத்துக்குடியில் உள்ளது. இந்தியக் கரை முழுவதற்குமான மீன்வரத்து மதிப்பீட்டை அந்நிறுவனம் அடுக்குமுறைப் பல்கட்டச் சமவாய்ப்புக் கூறெடுப்பு வழியாகச் செய்கிறது. கரை மண்டலங்களாகவும் காலம் மாதங்களாகவும் பிரிக்கப்படுகிறது. ஒரு மாதம் பத்துப்பத்து நாள்களாகப் பகுக்கப்பட்டு, நாள்கள் சமவாய்ப்பு முறையில் தெரிவாகின்றன. தெரிவான முதல் நாள் நண்பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரை கள அலுவலர் இறங்குதளத்தில் நேரில் இருந்து பதிகிறார். மறுநாள் காலை 6 மணி முதல் நண்பகல் 12 மணி வரை மீண்டும் பதிகிறார். இடைப்பட்ட இரவின் மீன்வரத்து மறுநாள் காலையில் விசாரித்து அறியப்படுகிறது. உலகளவில் மதிக்கப்படும் வடிவமைப்பு இது. இதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நான் சுட்ட விரும்புவது, 24 மணிநேரத்தில் 12 மணிநேரத்தின் தரவு ஓர் உரையாடலின் விளைவு என்பதே. இரவில் வலைவிட்டு விடியலில் கரையேறும் தொழில் மிகுந்த இடங்களில் அவ்வுரையாடல் தாங்கும் சுமை இன்னும் கூடும். அந்த உரையாடல் தமிழில் நிகழ்கிறது. அட்டவணை ஆங்கிலத்தில் நிரம்புகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிகழும் பெயர்ப்பு எந்த ஆய்வேட்டிலும் பிழைமூலமாகக் கணக்கிடப்படுவதில்லை.

மீன்பெயர்களையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் வஞ்சிரம், குமரிக்கரையில் நெய்மீன் என்று வழங்கும் மீனைத் தூத்துக்குடியார் சீலா என்பர். கேரளக் கரையில் சீலாவு என்பதோ வேறு மீன். இங்கு ஊளி எனப்படுவது. விசைப்படகுகளில் பல ஊரார் சேர்ந்து தொழில் செய்கின்றனர். கேட்பவர் ஓரூர், சொல்பவர் வேற்றூர் ஆயின், விலையிலும் வளத்திலும் பெரிதும் வேறுபட்ட இரு மீன்கள் அட்டவணையில் இடம்மாறக்கூடும். இது சமவாய்ப்புப் பிழையன்று. கூறின் அளவைப் பெருக்கினாலும் குறையாத சார்புப் பிழை. பயிற்சி பெற்ற அலுவலர் மீனை நேரில் பார்க்கும்போது இது நேராது. மீன் ஏலம்போய்விட்ட பின் சொல்லை மட்டும் கேட்கும்போது நேரலாம். பெட்டி, கூடை, கூறு ஆகிய அளவுகளைக் கிலோவாக்கும் இடத்திலும் இதே சிக்கல். பெட்டிக்கு எத்தனை கிலோ என்பது மீனுக்கு மீன், ஊருக்கு ஊர், சில சமயம் பனிக்கட்டியின் அளவுக்கேற்பவும் மாறும்.

காற்றும் நீரோட்டமும் மற்றொரு பகுதி. மீன்வரத்து மாதிரியங்களில் காற்றின் திசையும் வேகமும் சார்பிலா மாறிகளாக இடம்பெறுகின்றன. இக்கரைத் தொழிலாளர் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பிரிக்கின்றனர். நீரோட்டத்தை நீவாடு என்கின்றனர். இச்சொற்கள் திசையை மட்டும் குறிப்பன அல்ல. எந்தக் காற்றில் எந்த வலை, எந்த ஆழம், எந்த மீன் என்ற தொழிலறிவு முழுவதும் அச்சொற்களில் பொதிந்துள்ளது. ஜோ டி குருஸின் நாவல்களைப் படிப்போர் இதனை எளிதில் உணர்வர். வானிலை நிலையத்தின் பாகைக் கணக்கைவிடக் கடலோடியின் இவ்வகைப்பாடு மீன்வரத்தை நன்கு முன்னுரைக்குமா? இது கவித்துவமான கேள்வியன்று. தரவு கொண்டு சோதித்து, ஆம் அல்லது இல்லை என்று விடைகூறத்தக்க புள்ளியியல் வினா. இல்லை என்ற விடை வந்தாலும் அது நல்ல ஆய்வேடே.

இவ்வெண்கள் அறிஞர் அவையோடு முடிவன அல்ல என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. முன்னர் அது 45 நாள்களாக இருந்தது. தடை எத்தனை நாள், எந்தத் திங்களில், யாருக்கு என்பனவும், எந்த மீனினம் குறைந்துவருகிறது என்பதும் இத்தகைய மதிப்பீடுகளைச் சார்ந்தே பேசப்படுகின்றன. தன் வாழ்வைத் தீர்மானிக்கும் எண்ணின் பிறப்பில் தன் சொல்லும் ஒரு பங்கு என்பது கரையிலிருப்பவருக்குத் தெரியும். அந்தச் சொல் என்னவாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. அதை அவர் படிக்கக்கூடிய மொழியில் எவரும் எழுதவில்லை.

கலைச்சொற்களைப் பற்றிச் சில சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் சமவாய்ப்பு என்ற சொல்லையே இதுவரை நானும் ஆண்டேன். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனை எழுமாற்று என்கின்றன. திட்டவிலக்கம் அங்கு நியமவிலகல். நிகழ்தகவு இரு கரைக்கும் பொது. இவ்வேறுபாடுகளை ஊர்வழக்கு வேறுபாடாகவே கருதி ஒதுக்குவது வழக்கம். ஆனால் சமவாய்ப்பு என்ற சொல்லில் ஒரு கருத்துச் சிக்கல் உள்ளது. அது ஒவ்வோர் அலகுக்கும் நிகரான வாய்ப்பு என்ற பொருளைத் தன்னுள் கொண்டுள்ளது. கூறெடுப்பில் அலகுகளுக்கு வேண்டுமென்றே வேறுபட்ட வாய்ப்பு அளிக்கும் முறைகள் உள்ளன. பெரிய இறங்குதளத்திற்கு மிகுந்த வாய்ப்பும் சிறியதற்குக் குறைந்த வாய்ப்பும் அளிக்கும், அளவுக்கேற்ற நிகழ்தகவு முறையை ஹான்சனும் ஹர்விட்சும் 1943இல் நிறுவினர். இதனைத் தமிழில் சொல்ல முற்பட்டால் சமமற்ற வாய்ப்புடைய சமவாய்ப்பு என்று முரணாகச் சொல்ல நேர்கிறது. எழுமாற்று என்ற சொல்லில் இம்முரண் இல்லை. ஆகவே இலங்கை வழக்கை நாம் ஏற்பது நலம் என்று கருதுகிறேன். மாணவர் பலர் சமவாய்ப்பு என்ற சொல்லால் வழிதவறி, சமமான வாய்ப்பு இல்லையெனில் கூறு செல்லாது என்று எண்ணுவதைக் கண்டிருக்கிறேன். சொல் கருத்தைச் சுமக்கும் இடத்தில் சொல்லாய்வும் புள்ளியியலாய்வே.

இனித் தமிழ்த்துறையின் பக்கம். பிற துறையைக் குறைகூறுவது எளிது. நம் துறையில் கள ஆய்வை அடிப்படையாகக் கொண்ட நாட்டார் வழக்காற்றியல், சமூக மொழியியல் ஆய்வேடுகளில் 100 பேரிடம் வினாநிரல் அளிக்கப்பட்டது என்ற வாக்கியம் மிகுதியாகக் காணப்படுகிறது. ஏன் 100? எந்தத் தொகுதியிலிருந்து? யார் மறுத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை இருப்பதில்லை. பின் சதவீதங்கள் வரும். வட்ட விளக்கப்படம் வரும். 62 சதவீதத்தினர் இவ்வாறு கருதுவதால் இச்சமூகம் இவ்வாறு கருதுகிறது என்ற முடிவும் வரும். 100 பேர் சமவாய்ப்பு முறையில் தெரிவாகியிருந்தாலும் அந்த 62க்கு இருபுறமும் ஏறத்தாழப் பத்துப் பத்து அளவுக்கு ஐயம் உண்டு. தெரிந்தவரின் தெரிந்தவர் என்று சேர்ந்த 100 பேராயின் அந்த ஐயத்தை அளக்கவும் வழியில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் முனைவர் பட்டப் பாடப்பகுதியில் ஆய்வு நெறிமுறையையும் அதனுள் அளவைசார் முறைகளையும் குறிப்பிட்டன. தமிழ்த்துறைகளில் அப்பகுதி பெரும்பாலும் அடிக்குறிப்பு இடும் முறையோடு நின்றது. 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளால் இளமுனைவர் பட்டமும் நீங்கியது. அந்த ஓராண்டு முறையியல் பயில்வதற்குரிய காலமாக இருந்தது. அதன் இடத்தில் வேறொன்று இன்னும் அமையவில்லை.

புள்ளியியல் தமிழுக்கு என்ன செய்யக்கூடும் என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. பாரதியார் பொறுப்பில் 1906 முதல் வெளிவந்த இந்தியா இதழில் பெயரின்றி வெளியான கட்டுரைகள் உள்ளன. புள்ளியியலாளர்களான பகவன்தாஸ், மணிமண்ணன் ஆகியோர் அவற்றின் ஆசிரியரைச் சொல்வடிவக் கூறுகளின் பரவல் கொண்டு ஆராய்ந்து 2008இல் அளவைசார் மொழியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். அமெரிக்கக் கூட்டாட்சிக் கட்டுரைகளுக்கு மாஸ்டெல்லரும் வாலசும் 1964இல் செய்ததை ஒத்த முயற்சி இது. பாரதியாரின் எட்டயபுரம் இம்மாவட்டத்தது. ஆயினும் இம்மாவட்டத் தமிழ்த்துறைகளில் பாரதி ஆய்வு செய்வோரிடையே இக்கட்டுரை விவாதிக்கப்படுவதை நான் கண்டதில்லை. அதன் முடிவுகளை ஏற்க வேண்டும் என்பதன்று என் கூற்று. எந்தச் சொற்கூறுகளைத் தேர்ந்தனர், பத்திரிகைத் தமிழின் பொதுநடையையும் ஆசிரியனின் தனிநடையையும் எவ்வாறு பிரித்தனர் என்று வினவும் தகுதி தமிழாய்வாளருக்கே மிகுதி. அவர் வினவாமலிருப்பது அந்த ஆய்வுக்கும் இழப்பு. ஆங்கில ஆய்விதழில் வெளிவந்ததால் தமிழறிஞர் படிக்கவில்லை என்பது பாதி விடை. புள்ளியியல் அட்டவணை கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம் என்பது மறுபாதி.

நடைமுறைக்கு வருகிறேன். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்குரிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் தொடங்கப்பட்டது. தமிழ் நாடகம் எழுதிய ஒரு மெய்யியல் பேராசிரியரின் பெயரைத் தாங்கியது. அங்குப் புள்ளியியல் துறை உண்டு, தமிழியல் துறை உண்டு, இராஜாக்கமங்கலத்தில் கடல்சார் அறிவியல் மையமும் உண்டு. தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்குகிறது. வேறு துறையைச் சேர்ந்தவரை இணை நெறியாளராகக் கொள்ள மானியக் குழுவின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. ஆதலின் புதிய நிறுவனமோ பெருநிதியோ தேவையில்லை. புள்ளியியலில் கூறெடுப்பு ஆய்வை மேற்கொள்ளும் ஒருவருக்குத் தமிழ்த்துறையிலிருந்து இணை நெறியாளர் ஒருவரும், கடற்கரை வழக்காறுகளை ஆராயும் தமிழாய்வாளர் ஒருவருக்குப் புள்ளியியல் துறையிலிருந்து இணை நெறியாளர் ஒருவரும் அமையலாம். கள ஆய்வு சார்ந்த புள்ளியியல் ஆய்வேடுகளில், கேட்கப்பட்ட வினாநிரலின் தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கலாம். இன்று பெயர்ப்பு மட்டுமே சேர்க்கப்படுகிறது. எந்தச் சொல்லால் கேட்டனர் என்பது ஆய்வேட்டிலிருந்து அறிய முடியாதவாறு மறைந்துவிடுகிறது. அதனுடன் 20 பக்க அளவிலேனும் தமிழ்ச்சுருக்கம் ஒன்றும் வேண்டும்.

இதற்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. தமிழில் எழுதினால் உலகம் படிக்காது என்பது ஒன்று. ஆய்வேட்டை ஆங்கிலத்திலேயே எழுதட்டும். தமிழ்ச்சுருக்கம் உலகுக்கன்று, விடையளித்தவருக்கும் அடுத்து அதே கரைக்குச் செல்லும் ஆய்வாளருக்கும். மற்றொன்று, புள்ளியியலில் உயராய்வு என்பது தேற்றங்களை நிறுவுவதேயன்றிக் களம் சார்ந்ததன்று என்பது. இது புள்ளியியலின் வரலாற்றை மறந்த கூற்று. மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தபின் நிகழ்ந்த கூறெடுப்பு ஆய்வுகளுள் முதன்மையானவை வங்காளத்துச் சணல் வயல்களில் பிறந்தவை. எத்தனை பெரிய துண்டை அறுத்து அளந்தால் பிழை குறையும் என்ற வயல்வெளிக் கேள்வியே கோட்பாடாக வளர்ந்தது. சணல் வயலுக்கு இருந்த தகுதி இறங்குதளத்திற்கும் உண்டு.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பின், இரவு மீன்வரத்திலிருந்து தொடங்கலாம். திரேஸ்புரம், தருவைகுளம், வேம்பார், புன்னக்காயல், மணப்பாடு ஆகிய ஐந்து ஊர்களில் ஓராண்டுக் காலம், தெரிவான சில இரவுகளில், விசாரித்து அறிந்த அளவையும் நேரில் இருந்து எண்ணிய அளவையும் இணையாகப் பதிய வேண்டும். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டில் எவ்வளவு மறதியால், எவ்வளவு அளவுப் பெட்டியால், எவ்வளவு மீன்பெயரால் நேர்ந்தது என்று பகுத்துக் காட்டுவது முனைவர் பட்டத்திற்குரிய புள்ளியியல் வேலை. அதற்கு முன், ஐந்து ஊர்களின் மீன்பெயர்களையும் அளவுச்சொற்களையும் ஊர்வாரியாகத் தொகுத்து, எந்தப் பெயர் எந்த மீனைச் சுட்டுகிறது என்று மீனை முன்வைத்தே சரிபார்த்த பட்டியல் ஒன்று வேண்டும். அது தமிழ்த்துறையின் வேலை. ஆறு திங்களில் முடியக்கூடியது.